தகர ஸ்டேஷனில் நின்ற ரயில்

தங்கச் சுரங்கம் இருந்த கோரமண்டலிலிருந்து பங்காருபேட்டைக்குப் போகும் தண்டவாளத்தை ஒட்டி, முட்புதருக்குள் ஒரு கல் மேடை கிடக்கிறது. மேல் பாதி இடிந்த ஒரு சுவரும், மணி தொங்கிய இரும்புக் கம்பமும் மிச்சம். போன வாரம் என் மகன் அதைப் பார்த்து, ஆட்டுப்பட்டியா என்று கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டுப்பட்டியாம். அது ஸ்டேஷன். தகரக் கூரை போட்டிருந்ததால் நாங்கள் தகர ஸ்டேஷன் என்போம்.

சுரங்கத்துக்கு ரயில் வந்த புதிதில் எங்கள் குடிசைகள் வரிசையாக நின்ற கூலி லைனுக்குப் பக்கத்தில் அதைக் கட்டினார்கள். எங்கள்மேல் உள்ள அன்பினால் இல்லை, ஆள் இறக்க வசதி என்பதால். வடாற்காட்டிலிருந்து வந்த சனங்களை அங்கேதான் மூட்டை முடிச்சோடு இறக்கினார்கள். வேண்டிய ஆள் சேர்ந்ததும் துரைமார் பங்களாப் பக்கம் ஓட்டுக்கூரையோடு வேறு ஸ்டேஷன் எழுந்தது, இதை மூடிவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவில் இங்கிலீஷில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுதி ஒட்டுகிற கொழுப்பை என்ன சொல்வது?

எனக்கு அப்போது ஆறு வயது. அம்மாவைப் பெற்ற தாத்தா ஊரில் இறந்துபோனார் என்று ஆள் வந்து சொன்னான். மறுநாள் காலையில் எடுத்துவிடுவார்கள். மாமா அவருக்கு ஒரே மகன். அவர்தான் போய்க் கொள்ளி வைக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து ஷாஃப்டிலிருந்து மேலே வந்தவர் குளிக்கக்கூட நிற்கவில்லை. அம்மாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு மதிய வண்டிக்கு ஓடினார்.

ஸ்டேஷனில் ஈ காக்கை இல்லை.

"இன்னாடா இது, பூட்டிக்கீது?" என்றாள் அம்மா.

சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், "வண்டி இப்ப இங்க நிக்கறதில்லைங்க, பங்களாக்கிட்டதான் நிக்குது. முந்தாநேத்தே மூடிட்டாங்க" என்றாள். அதற்குள் தூரத்தில் புகை தெரிந்தது. அதை விட்டால் மறுநாள்தான் வண்டி.

மாமா அந்தத் தண்டவாளம் போட்ட கூலிகளில் ஒருவர். ஜல்லி ஏற்றி வரும் வண்டியைச் சிவப்புத் துணி ஆட்டி நிறுத்துவது அப்போது அவருக்குக் கொடுத்திருந்த வேலை. எங்கள் துணிமூட்டையை அவிழ்த்து என் சிவப்புப் பாவாடையை உருவினார்.

"நான் ஆட்டுனா நிக்கும்க்கா. அன்னிக்கெல்லாம் நின்னுச்சே."

"வாணாண்டா" என்று அம்மா கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போய்த் தண்டவாளத்தின் நடுவில் நின்று ஆட்டினார். ரயில் நின்றது. என் பாவாடைக்கு ரயிலே நின்றுவிட்டதென்று நான் கைதட்டினேன்.

கார்டு இறங்கி வந்தார்.

"எங்கப்பா செத்துட்டாருங்க சாமி. ஏத்திக்கினு போங்க. பங்காருபேட்டைல டிக்கெட்டு எடுத்துக்கறோம்" என்று மாமா கும்பிட்டார்.

கார்டு அவரைக் கன்னத்தில் அறைந்து, கடைசியில் இருந்த தன் பெட்டிக்கே தள்ளிக்கொண்டு போனார். பாவாடையும் சாட்சியாகப் போயிற்று. மூன்றாம் வகுப்பிலிருந்து யாரோ கை கொடுத்து அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மாமாவுக்கு மட்டும் கார்டு பெட்டியா என்று நான் அழுதேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

பங்காருபேட்டையில் மாமாவைப் போலீஸில் ஒப்படைத்தார்கள். அம்மா ஒவ்வொருவர் காலிலும் விழுந்து பார்த்தாள். "நீ போக்கா, நேரமாவுது. நான் பின்னாலயே வந்துடறேன்" என்றார் மாமா. நாங்கள் போனோம், அவர் வரவில்லை. கொள்ளி வைத்து மொட்டை போட்டுக்கொண்டது பங்காளி வீட்டுப் பையன். கூலி கொடுத்து அதே துணியை ஆட்டச் சொன்னவர்கள்தானே இவர்கள்? பெற்றவனுக்குக் கொள்ளி வைக்கப் போக ஆட்டினால் குற்றமா? நாசமாய்ப் போகட்டும். இத்தனை வருஷம் கழித்தும் என் வயிறு எரிகிறது.

சில மாதம் கழித்து மாமா லைனுக்குத் திரும்பி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். தலை மழமழவென்று மொட்டை. ஜெயிலில் எல்லாருக்கும் தலையை மழித்துவிடுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்தத் தலையைப் பார்த்ததும் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வீடு வீடாக ஓடி, எங்கள் மாமா தாத்தாவுக்கு மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார் என்று லைன் முழுக்கச் சொன்னேன்.