முதலாளி வீட்டு ரூட்டர்

எங்கள் அலுவலகம் என்பது முதலாளி வீட்டின் முன்னறைதான். துறைமுகத்திலிருந்து வெளிநாடு போகும் சரக்குகளுக்குச் சுங்கத்துறை ஆவணங்கள் தயாரிப்பது என் வேலை. கையெழுத்துக்கான டிஜிட்டல் சாவி அங்குள்ள கம்ப்யூட்டரில்தான் செருகியிருக்கும். அதை வெளியே கொண்டுபோக முதலாளி சம்மதிக்கமாட்டார். அதனால் அப்பாவுக்கு நினைவு தவறத் தொடங்கிய பிறகு, நான் என் வீட்டில் இருந்தபடியே இணையம் வழியாக அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை பார்த்துவந்தேன்.

அப்பா, கதவு திறந்திருந்தால் நடக்கத் தொடங்கிவிடுவார். ஒருமுறை பீச் ரோட்டில் லாரிகளுக்கு நடுவிலிருந்து கூட்டிவந்தோம். அதிலிருந்து கிரில் கேட் எப்போதும் பூட்டியே இருக்கும். காய்கறியும் மீனும் கம்பிக்கு இடையில்தான் கைமாறும்.

ஒரு வியாழக்கிழமை காலையில் அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியவில்லை. டிவி சேனல்களும் சேர்ந்து கிடைக்கும் என்று முதல்நாள்தான் முதலாளி வேறு இணைய இணைப்புக்கு மாறியிருந்தார்.

"சனிக்கிழமைக்குள்ள பாருங்கம்மா. முடியலன்னா திங்கக்கிழமை நேர்ல வந்துருங்க. கப்பல் நமக்காவ நிக்காது" என்றார்.

கப்பலில் என்ஜினியராக இருக்கும் தம்பிக்கு இதைச் சொன்னேன். அன்று மாலையே பதில் வந்தது. "சரியாவலன்னா சொல்லுக்கா. புன்னைக்காயல்ல ஒரு பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருக்கேன். திங்கள்லேருந்து பகல்ல அப்பாவப் பாத்துக்கிடுவா."

ஆக, இணைப்பு சரியாகாவிட்டால் நான் வெளியே போகலாம். பஸ் ஏறி, முன்னறையில் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, முதலாளியின் மனைவி போடும் காப்பியைக் குடிக்கலாம். அது வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் ஒரு பழுதைப் பார்த்துவிட்டு அதை அப்படியே விட்டுவைக்க எனக்கு வராது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவது என்று ஆரம்பித்தேன்.

அங்கே என் கைகளாக இருந்தவர் முதலாளியின் மனைவி. நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன். வீடியோ அழைப்பில் பாதிப் படம் அவருடைய கட்டைவிரல், மீதி முன்னறையின் மின்விசிறி.

"மதினி, போனைக் கீழ காட்டுங்க. புது ரூட்டர்ல எத்தன விளக்கு எரியுது?"

"நாலு. ஒண்ணு கண்ணடிக்குது."

"செவப்பா?"

"பச்சைதான். செவப்பா இருக்கது என் மூஞ்சிதான். அடுப்புல மீன் கொதிக்குது, வெரசாச் சொல்லு."

விளக்குகளில் பிழையில்லை. பழைய ரூட்டரில், வெளியிலிருந்து வருகிற என்னை எந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி எழுதிவைத்திருந்தோம். புதியதில் அது இருக்காது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை மதினி எழுத்தெழுத்தாக வாசித்தார். அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்கவைத்து, அந்த விதியைப் புதிதாக எழுதவைத்தேன். அப்போதும் உள்ளே போக முடியவில்லை.

"ஏளா, யாருகிட்ட சண்ட போடுத?" என்று அப்பா கேட்டார்.

"ரூட்டர்கிட்டப்பா."

"அவன் எந்த ஊர்க்காரன்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கேட் பக்கம் போய்ப் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டு எண்களை ஒப்பிட்டேன். தன் முகவரி இதுதான் என்று ரூட்டர் காட்டிய எண் ஒன்று. வெளி உலகத்துக்கு அந்த வீட்டின் முகவரியாகத் தெரிந்த எண் வேறொன்று. காரணம் அங்கேதான் இருந்தது. புதிய நிறுவனம் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருந்தது. உள்ளே இருப்பவர் வெளியே போகலாம். வெளியிலிருந்து தேடிவருகிறவருக்கு அந்த வீட்டுக்கென்று தனி வாசல் கிடையாது. ரூட்டரில் என்ன விதி எழுதினாலும் தட்டுகிற சத்தம் அதுவரை போய்ச் சேராது.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். 'நம்மால் ஆகாது அண்ணாச்சி' என்று சொன்னால் அதில் பொய் ஏதும் இருந்திருக்காது. முதலாளி மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்டிருக்கமாட்டார்.

சனிக்கிழமை அப்பா சாப்பிட்டுத் தூங்கியதும் மதினியை மறுபடி கூப்பிட்டேன். வெளியிலிருந்து உள்ளே போக முடியாதென்றால், அந்தக் கம்ப்யூட்டரே வெளியே வரட்டும். இரண்டு பக்கமும் தாங்களாகக் கிளம்பி இணையத்தில் ஒரு பொது இடத்தில் சந்திக்க வழிசெய்யும் மென்பொருள் உண்டு. அதை இறக்கி நிறுவவைத்தேன். கம்ப்யூட்டர் தூங்கிப்போகாதபடி ஓர் அமைப்பையும் மாற்றவைத்தேன். மதினி வாசித்த எண்ணை என் திரையில் அடித்ததும், அலுவலகத் திரை அப்படியே என் முன்னால் விரிந்தது. சுட்டியை நகர்த்தினேன்.

"ஐயோ, நான் தொடவே இல்ல, அம்பு தானா ஓடுது!" என்றார் மதினி. பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பம் நீ திங்கக்கிழமை வரமாட்டியா?" என்று கேட்டார்.

முதலாளி போனை வாங்கிக்கொண்டார். "கெட்டிக்காரிம்மா நீங்க. இனி வரவே வேண்டாம், அங்கன இருந்தே பாத்துக்கிடலாம்." மனமாரத்தான் சொன்னார்.

தம்பிக்கு உள்ளதைச் சொன்னேன். "சூப்பர்க்கா! பெறவு ஆளு எதுக்கு? வரவேண்டாம்னு நீயே சொல்லிரு" என்று அந்தப் பெண்ணின் எண்ணை அனுப்பினான். மறைத்திருக்கலாமோ என்று அதன்பிறகுதான் தோன்றியது.

ஞாயிறு மதியம் கூப்பிட்டேன். சர்ச்சில் பூசை முடிந்து இப்போதுதான் வந்ததாகச் சொன்னாள். ஆள் தேவைப்படாது, நான் வீட்டிலேயே இருந்து வேலை பார்க்கப்போகிறேன் என்றேன்.

"சரிக்கா" என்றாள். போனை வைக்காமல், "அப்பம் நீங்க வெளியவே போவ மாட்டியளா?" என்றாள்.

முன்னால் கேட் பூட்டியிருந்தது. சாவி என் மடியில்தான் கிடந்தது.

"புதன்கிழமை மட்டும் வா" என்றேன்.

"எத்தன மணிக்கு?"

"காலையிலேயே வந்துரு."

எங்கே போகப்போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் ஓர் இடமும் இல்லை.