ஒட்டாத கண்ணாடிக்கு ஒரு மொட்டை

போன வாரம் மொட்டை போட்டுக்கொண்டேன். திருப்பதியில் குடியிருப்பவன் மொட்டை போடுவதெல்லாம் ஒரு செய்தியா என்பீர்கள். காரணத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

என் ஒரே மகள் சுமதி, அமெரிக்காவில் ஒரு லேபில் ஆராய்ச்சி செய்கிறாள். ரத்தக் குழாய்க்குள் வைக்கிற டியூப் இருக்கிறதல்லவா... உள்ளே விட்ட சில நொடிகளில் ரத்தத்திலுள்ள புரோட்டீன் அதன்மேல் ஒட்டிக்கொள்ளுமாம். பின்னாலேயே ரத்தம் உறையும். அதைத் தடுக்கத்தான் பாலிமர் பூச்சு. அதன் இழைகள் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு புல் மாதிரி அடர்த்தியாக நிற்கும். புரோட்டீன் கிட்டே வர முடியாது.

ஆனால் வந்தது. பூச்சு பூசிய கண்ணாடித் துண்டுகளைப் புரோட்டீன் கரைசலில் முக்கி எடுத்தால், எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தது.

"இந்த டெர்ம்ல சரி வரலன்னா ஊருக்கே வந்துட்றேன் நைனா" என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில்.

"கவலப்படாதம்மா, சரியாப் பூடும்" என்றேன். போனை வைத்ததும் என்ன செய்தேன் தெரியுமா? அவள் அறையைப் பெருக்கித் துடைத்தேன். அவள் அம்மா போனபின் இந்த வீட்டில் ரேடியோவைத் தவிர வேறு குரல் இல்லை. மறுநாளே அலிபிரி அடிவாரத்திலிருந்து மலைப்படியேறிப் போய், பெருமாளிடம் "அவள் திரும்பி வந்துவிட்டால் மொட்டை போடுகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

அவள் வரவேண்டும் என்றால் என்ன அர்த்தம்? தோற்கவேண்டும். பெற்ற அப்பன் வேண்டுகிற வேண்டுதலா இது?

மூன்று வாரம் கழித்து போன்.

"நைனா, பூச்சுல தப்பே இல்ல. நான் வெளிய எடுத்த விதம்தான் தப்பு. கரைசலுக்கு மேல புரோட்டீன் ஏடு கட்டிக்கினு இருக்குது... பால் மேல கட்டுமே, அந்த மாதிரி. கண்ணுக்கே தெரியாது. உள்ள இருக்கறவரைக்கும் கண்ணாடி சுத்தமாத்தான் இருந்திருக்குது. மேல தூக்கும்போது அந்த ஏடு ஒட்டிக்கினு வந்திருக்குது. இப்ப தண்ணி விட்டு கரைசலை முழுசா வழிய வெச்சிட்டு அப்புறம் எடுக்கறேன். ஒண்ணுமே ஒட்டல."

"சந்தோஷம்மா" என்றேன். இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்களாம். போனை வைத்துவிட்டு... உண்மையைச் சொல்கிறேன், அழுதேன்.

வேண்டுதல் பலிக்கவில்லை. மொட்டைக்கு அவசியமும் இல்லை. ஆனால் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத பெருமாளுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? மறுபடி படியேறினேன். கீழே வந்ததும் தெருமுனை நெட் சென்டர்காரர் என் மொட்டைத்தலையை ஒரு போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பி வைத்தார்.

"எனக்காக வேண்டிக்கினியா நைனா?" என்று போனில் கேட்டாள் சுமதி.

"ஆமாம்மா" என்றேன்.

பொய் இல்லை. என்னவென்று வேண்டிக்கொண்டேன் என அவள் கேட்கவில்லை — நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.