மூன்று கல்லூரிக்கு ஒரு வேதியியல் வகுப்பு

காலை ஏழரைக்குச் சென்னை சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் பதினைந்து ரூபாய்க்குச் சீட்டு வாங்கிக் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. மானாமதுரைப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவர் நான். துறை என்பது என்னையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். இந்த ஆண்டு சேர்ந்த மாணவர்கள் ஏழு பேர். வரும் ஜூனில் துறையை மூடிவிடலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. இதே நிலையில் இருந்த மூன்று கல்லூரிகள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் சேர்ந்து பிழைத்துக்கொண்டன என்று கேள்விப்பட்டேன். எப்படி என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துக்குப் போகிறவர்கள் இறங்கியபிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. பொன்னேரியில் பச்சை நாடாவில் அடையாள அட்டை தொங்க ஒரு மாணவர் கூட்டம் ஏறியது. கதவோரம் நின்றபடியே டைட்ரேஷன் கணக்கு போட்டார்கள். என் கல்லூரிப் பிள்ளைகள் பரீட்சைக்கு முந்தின நாள்கூட அப்படிப் போட்டதில்லை.

ஒன்பது மணிக்குக் கும்மிடிப்பூண்டி. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

"லேப்புக்கா சார்? குந்துங்க. மூணு காலேஜ் பசங்களும் அங்கதான் வர்றாங்கோ. எம் பொண்ணு மோகனாகூட படிச்சிக்கினு இருக்கு" என்றார் ஓட்டுநர்.

"கெமிஸ்ட்ரியா?"

"பின்ன இன்னா சார்! இதே தொழிற்பேட்டைல நான் மூட்டை தூக்குனவன். அவ டெஸ்டிங் லேப்ல குந்தப் போறா. எங்க ஊட்லயே மொத டிகிரி."

அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்ததுபோல் இருந்தது.

கும்மிடிப்பூண்டிக் கல்லூரியின் சோதனைக்கூடத்தில் பேராசிரியர் ஸ்டெல்லா வரவேற்றார். இந்தக் கல்லூரியில் கருவிகள் உண்டு, ஆசிரியர்கள் போதாது. பொன்னேரிக் கல்லூரியில் ஆசிரியர்கள் உண்டு, கருவி இல்லை. ஆரம்பாக்கம் பக்கத்துக் கல்லூரியில் இருந்தது ஒரு பேருந்தும் நல்ல கரிம வேதியியல் ஆசிரியர் ஒருவரும். மூன்றையும் சேர்த்து ஒரே வகுப்பாக்கிவிட்டார்கள். பட்டம் மட்டும் அவரவர் கல்லூரியின் பெயரில்.

"மொத நாளே மானம் போச்சு சார்" என்று சிரித்தார் ஸ்டெல்லா. "நாமதான் முதல்ல போகணும், அதான் மரியாதைன்னு நாங்களும் பொன்னேரிக் காலேஜும் சொல்லாம கொள்ளாம பசங்கள அனுப்பிட்டோம். கவரப்பேட்டைகிட்ட ரெண்டு ரயிலும் கிராஸ் ஆகுது, பசங்க ஜன்னல்ல கை காட்டிக்கினு போறாங்க! பொன்னேரிப் பசங்க இங்க வந்து பூட்டுன கதவப் பாத்துட்டுத் திரும்பினாங்க."

அன்றிலிருந்து ரயில் அட்டவணையை வைத்துத்தான் பாட அட்டவணை. இங்கே மணி அடிப்பதில்லை. ரயில் வந்தால் வகுப்பு.

"அதவிடக் கஷ்டம் அட்மிஷன்தான். ஒருத்தர் பசங்கள ஒருத்தர் இழுக்கறத நிறுத்தணுமே" என்றார். எங்கள் ஊரில் நானும் அப்படி இழுத்தவன்தான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஒரு மேசையைச் சுற்றிப் பச்சை, சிவப்பு, நீல நாடாக்கள். ஒரு சிவப்பு நாடா அட்டையில் ஆட்டோக்காரர் மகள் மோகனாவின் பெயர். அவள் பச்சை நாடாக்காரன் ஒருவனுக்குப் பியூரெட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "வேற காலேஜ் பையனுக்கா உதவி பண்றே?" என்று சீண்டினேன்.

"வேற காலேஜ்தான் சார். ஆனா எங்க கிளாஸ்" என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

சின்னக் கல்லூரி வாத்தியார் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது அன்றைக்குத்தான்.

மாலை நாலரை. ரயிலுக்காக நடைமேடையில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. எங்களுக்கும் ஒரு பக்கத்துக் கல்லூரி உண்டு. நடுவில் ஒரு சாலைதான். அங்கும் வேதியியல், அங்கும் மாணவர்கள் இல்லை. அதன் துறைத் தலைவர் மங்கையர்க்கரசியின் எண் என் கைப்பேசியில் வெகுநாளாகக் கிடக்கிறது. கூப்பிட்டேன். பார்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"எங்க லேப்ல எல்லாம் இருக்கு சார். பாடம் நடத்த நான் ஒருத்திதான்" என்றார்.

"நாங்க ரெண்டு பேர் இருக்கோம். லேப்தான் ஓட்டை."

அதற்கு அவர் கேட்டார்:

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானே சார் இருந்தீங்க, இத்தனை வருஷமா?"