"வரும்" என்று சொன்னவர்

எலைஜா சியகலிமாவின் முகத்தை அறியாதவர்களுக்கும் அவர் குரல் தெரியும். மாவட்ட அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். வரி கட்டு, மாட்டுக்கு ஊசி போடு, ஆறு மாதம் சிறை என்றெல்லாம் உத்தரவிட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். மக்கள் காதில் விழுந்தது சியகலிமாவின் கனத்த குரல். ஆள் என்னவோ ஒல்லி. அந்த உடம்பிலிருந்து அந்தக் குரல் கிளம்புவதைக் கண்டு சந்தையில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

விடுதலை கிடைத்த மறு ஆண்டு, நாட்டின் முதல் ஜனாதிபதி தம் ஆறு குறிக்கோள்களை அச்சடித்து மாவட்டங்களுக்கு அனுப்பிவைத்தார். பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாலை, நல்ல விதை, இனச்சண்டை இல்லாத நாடு, ஊருக்கு ஊர் சுத்தமான தண்ணீர். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. புதிதாக வந்திருந்த மாவட்டச் செயலாளர் புவாலியா இளைஞர், நாட்டின் வடக்குப் பகுதிக்காரர். நம் மொழியில் அவருக்கு வணக்கம் மட்டும் தெரியும், அதையும் தப்பாகச் சொல்வார். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் இருவரும் ஊர் ஊராகக் கிளம்பினார்கள்.

முதல் ஏழு ஊர்களில் ஒரு தொல்லையும் இல்லை. புவாலியா தாளைப் படிப்பார், சியகலிமா சொல்வார், மக்கள் கைதட்டுவார்கள். மக்காச்சோளக் களியும் கோழியும் வரும். சாப்பிட்டுவிட்டு அடுத்த ஊர்.

எட்டாவது ஊர் சியாம்பெலே. அணைக்கட்டுக்காக ஆற்றங்கரையிலிருந்து லாரிகளில் ஏற்றி வந்து இறக்கப்பட்டவர்களின் ஊர். செம்மண், முள்மரம், கல். தண்ணீருக்கு மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். லாரிகள் வந்த அன்று ஆற்றங்கரையில் நின்று வெள்ளை அதிகாரியின் பேச்சை மொழிபெயர்த்தவர் சியகலிமா. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் அவர் வந்ததில்லை.

அவர் ஒலிபெருக்கியில் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். முடின்டா. சோள பீர் காய்ச்சி விற்பவள். கையில் சுரைக்குடுவை இருந்தது.

"இந்தத் தொண்டையை எனக்குத் தெரியும்யா! 'லாரியில ஏறுங்க, போற இடத்துல தண்ணி வரும்'னு சொன்ன தொண்டை இது. ஏழு வருஷமாச்சு. உன் தண்ணி எந்தக் கடையில பீர் குடிச்சிட்டு உக்காந்திருக்கு?"

கூட்டம் சிரித்தது. ஊர்த்தலைவர் முன்சாகா, "உக்காரும்மா, விருந்தாளிங்க வந்திருக்காங்க" என்றார். அவள் உட்காரவில்லை.

சியகலிமா தம் கையிலிருந்த தாளை மடித்தார். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு வெறும் வாயால் பேசினார்.

"அன்னைக்கு அந்தத் துரை 'வரும்'னு சொல்லல, தங்கச்சி. 'தண்ணிக்கு ஏற்பாடு பண்ண முடியும்னு நம்புறோம்'னுதான் சொன்னாரு. நீங்கல்லாம் அழுதுட்டு இருந்தீங்க. போலீஸ்காரன் கையில துப்பாக்கி வச்சிருந்தான். சீக்கிரம் முடிஞ்சாப் போதும்னு எனக்கு. 'வரும்'னு சொன்னது நான்தான்."

அந்த ஊரில் முதல் இரண்டு கோடையில் மட்டும் நாற்பது மாடுகள் செத்திருந்தன. முடின்டாவின் மாமியார் தண்ணீர்ப் பாதையிலேயே விழுந்து செத்துப்போனவள்.

"அடப்பாவி. ஏழு வருஷமா அந்த வெள்ளைக்காரனை இல்ல திட்டிட்டு இருந்தேன்? அத்தனை சாபமும் ஆள் மாறிப் போச்சே!" என்றாள் முடின்டா. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "சரி, இந்தப் புதுப் பெரியவர் என்ன சொல்றாரு? உன் சரக்கைச் சேர்க்காமச் சொல்லு."

"அஞ்சு வருஷத்துக்குள்ள எல்லா ஊருக்கும் நல்ல தண்ணி கொடுக்கணும்கிறது அவரோட குறிக்கோள்."

"அப்படின்னா வருமா, வராதா?"

"கொடுக்கணும்னு நினைக்கிறாரு. அவ்வளவுதான் இந்தத் தாள்ல இருக்கு. சும்மா இருந்தா நம்ம ஞாபகம் யாருக்கும் இருக்காது. கேட்டுட்டே இருந்தா வரலாம்."

கைதட்டல் இல்லை. களியும் கோழியும் வரவில்லை.

வண்டியில் புவாலியா கேட்டார். "நான் ஒரு வரிகூடப் படிக்கல. நீங்க கால் மணி நேரம் பேசினீங்க. என்ன சொன்னீங்க, ஐயா?"

சியகலிமா மறைக்காமல் சொன்னார். இளைஞருக்கு முகம் கடுத்துவிட்டது. "ஜனாதிபதி கொடுத்த வார்த்தையில சந்தேகத்தைக் கிளப்பிட்டு வந்திருக்கீங்க. நம்பிக்கை கொடுக்கத்தான் நம்மள அனுப்பினாங்க."

"அவர் எழுதினதைத்தான் சொன்னேன், சார். முன்னாடி ஏழு ஊர்லதான் 'வரும்'னு கூட்டிச் சொல்லிட்டேன்."

அடுத்த வாரம் அவரைப் பிறப்பு இறப்புப் பதிவு அறைக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது. அவர் மனைவி ரோடா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உண்மையைச் சொல்ல உனக்கு வேற வயசு கிடைக்கலையா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

இரண்டு மாதம் கழித்து முடின்டா பதிவு அறை வாசலில் வந்து நின்றாள். பாதி வழி நடை, பாதி வழி பஸ்.

"கேட்டுட்டே இருக்கணும்னியே. எனக்கு எழுதத் தெரியாது. எழுது."

அவர் எழுதினார். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதினார். திட்டு வார்த்தைகளை மட்டும் அவளிடம் கேட்டுவிட்டு நீக்கினார். அதற்கு அவள் சண்டை போட்டாள். அரசாங்கத்துக்குப் போன அந்த மனுவுக்குப் பதில் வரவில்லை. மழைக்கு முன் மறுபடி வந்தாள். இரண்டரை ஆண்டுகளில் பதினொரு மனுக்கள் போயின. ஒன்பதாவது மனுவோடு குறிக்கோள் அச்சிட்ட தாளையே இணைத்து, ஆறாவது வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். அந்த மனு போன பிறகு புவாலியா தாமே தலைநகருக்குப் போய், ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் போகவேண்டிய ஊர்களின் பட்டியலில் சியாம்பெலேயைச் சேர்த்துவிட்டு வந்தார். அதைப் பற்றி சியகலிமாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

வண்டி வந்தது. முதல் குழி வறண்டிருந்தது. இரண்டாவதில் துளையிடும் உளி உடைந்தது. மூன்றாவதில், அறுபது மீட்டருக்குக் கீழே, தண்ணீர் இருந்தது. கொஞ்சம் உப்பு. மாடுகள் குடித்தன, மனிதர்களும் பழகிக்கொண்டார்கள்.

அதே மழைக்காலத்தில் புவாலியா அவரைப் பழைய வேலைக்கு அழைத்தார். சியகலிமா மாட்டேன் என்றார். பதிவு அறையிலேயே இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றார். சியாம்பெலேயிலிருந்து யார் பிறந்தாலும், யார் இறந்தாலும், முடின்டாதான் வந்து சொல்லுவாள். பெயரைச் சொல்லிவிட்டு, அவர் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்வாள். அவர் ஒவ்வொரு முறையும் வாசித்துக் காட்டினார்.