அக்கா கொடியைக் கழற்றிய பிற்பகல்

1985 ஆம் ஆண்டு யூலை மாதம் 13 ஆம் திகதி, சனிக்கிழமை. அன்றும் அக்கா ஐந்து மணிக்கு எழுந்து, கிணற்றடியில் குளித்து, சுவாமிப் படங்களுக்குப் பூ வைத்தார். அத்தானின் தாயாராகிய மாமிக்குத் தேநீர் கொடுத்தார். பிட்டு அவித்தார். பின்னர் அச்சுவேலியில் எங்கள் வீட்டின் முன்னறையாகவே இருந்த வானொலி திருத்தும் கடையின் கதவுப் பலகைகளைக் கழற்றி, இலக்க ஒழுங்கில் அடுக்கினார். எல்லாம் வழக்கப்படியே நடந்தன. அத்தான் மட்டும் வீட்டில் இல்லை.

அத்தான் ஒரு வாரத்துக்கு முன்னர் கொழும்புக்குப் போயிருந்தார். யாழ்ப்பாணப் பட்டினத்தில் வீடியோ விளையாட்டு மெசின்கள் வைத்து நடத்திய, நாங்கள் நானா என்று அழைத்த முஸ்லிம் வியாபாரி ஒருவர், அலுமாரியளவு உயரமான மெசின் ஒன்றைத் திருத்தத் தந்திருந்தார். காசு போட்டால் பாட்டு மட்டும் கேட்கும், படம் வராது. படக்குழாய்க்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் சுருள் எரிந்துவிட்டது. குருநகர்க் கத்தோலிக்கக் கோவில் கார்னிவலுக்கு அந்த மெசினைத் தருவதாக நானா பாதரிடம் ஒப்புக்கொண்டிருந்தார். “ஞாயிறு காலமை மெசின் ஓடும்” என்று அத்தான் நானாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, சுருள் வாங்கப் போனார். வியாழக்கிழமை சுன்னாகத்து வெங்காய லொறியில் சுருள் வந்தது. “புறக்கோட்டையிலை தந்தவர். அடுத்த பஸ்ஸிலை வாறன் எண்டவர்” என்றார் சாரதி. வியாழன் பஸ்ஸிலும் அவர் வரவில்லை. வெள்ளி பஸ்ஸிலும் வரவில்லை. கொழும்பில் எங்கள் பெடியன்களைப் பொலிசும் ஆமியும் மறித்துக் கொண்டுபோகிறார்கள் என்ற கதை நாள்தோறும் வந்துகொண்டிருந்த காலம் அது.

அக்கா புத்தூரில் பிறந்தவர். எங்கள் நால்வரில் மூத்தவர். கடைசியாகப் பிறந்தவன் நான். அம்மா காலமானபோது அக்கா படிப்பை நிறுத்தி எங்களைப் பார்த்தார். திருமணத்தின் பின்னர் என்னையும் கூட்டிக்கொண்டு அச்சுவேலிக்கு வந்து, அத்தானுக்குப் பக்கத்தில் இருந்து, முதலில் மெல்லிய கம்பி சுற்றவும், பின்னர் ஈயம் பற்றவைக்கவும், ஈற்றில் வானொலி முழுவதையும் திருத்தவும் பழகினார். படக்குழாய் வேலையை மட்டும் அத்தான் தாமே செய்வார். மெசினை நிறுத்திய பிறகும் அந்தக் குழாய் மின்னைத் தனக்குள் வைத்திருக்கும். அக்கா அதுவரை அதைத் தொட்டதில்லை.

நான் கூட்டுறவுச் சங்கக்கடையிலிருந்து மதியம் வந்தபோது, அக்கா மெசினின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். நானாவும் அங்கே நின்றார். மாமி உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்.

“அவன் வரட்டும் பிள்ளை. வந்து செய்வான்.”

“வந்தால் நல்லது மாமி. வராட்டிலும் ஞாயிறு வரும்தானே.”

குழாயில் தங்கியிருந்த மின்னை இறக்கிவிட்டு, அக்கா புதிய சுருளைப் பொருத்தினார். இனிப் படத்தைத் தெளிவாக்குவது மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் முடியும். அக்கா பின்னால் நிற்க, முன்னால் இருந்து பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். மாமியைக் கதிரையில் இருத்தினோம். அக்கா இடது கையை இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொண்டார். மின் ஒரு கையால் ஏறி மறு கையால் இறங்கினால் நெஞ்சுக்கூடாகப் போகும் என்பது அத்தான் சொல்லிக் கொடுத்த பாடம்.

“என்ன தெரியுது மாமி?”

“கறுப்பு.”

“இப்ப?”

“ஏதோ புகை மாதிரி... பூச்சியள். நிரை நிரையாப் பூச்சியள் இறங்குது.”

“பூச்சி இல்லையம்மா, அது எதிரிப் படை” என்றார் நானா.

“படையெண்டாலும் பூச்சி மாதிரித்தான் கிடக்கு.”

அக்கா சிரித்தபடி இன்னும் உள்ளே குனிந்தார். அப்போது சட்டைக்குள் விட்டிருந்த தாலிக்கொடி நழுவி வெளியே தொங்கியது. படக்குழாயின் பக்கத்தில் இருந்த இறப்பர் மூடி பழையது; ஓரம் வெடித்திருந்தது. கொடி அதை நெருங்கியதும் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். ஊதா நிறத்தில் நூல் போன்ற ஒளி ஒன்று மூடியின் ஓரத்தில் எழுந்தது. நான் பாய்ந்து பிளக்கை இழுத்தேன்.

 அக்கா கொடியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார்.

“கழட்டாமல் செய்ய ஏலாது மாமி.”

“என்ன கதை கதைக்கிறாய்! அவன் எங்கையெண்டே தெரியாமல் நாங்கள் கிடக்கிறம். இந்த நேரத்திலை கொடியைக் கழட்டுறதோ?”

“மஞ்சள் கயிறு கட்டினால் என்ன?” என்று கேட்டேன்.

“தொங்குறது ஒண்டும் வேண்டாம் தம்பி. ஈரமஞ்சளும் கறன்ரை இழுக்கும்.”

நானா இடையில் வந்தார். “தங்கச்சி, விடுங்கோ. மெசின் கிடக்கட்டும். நான் பாதரிட்டைச் சொல்லிக்கொள்ளுறன்.”

“அவர் ஞாயிறு எண்டு சொன்னவர் நானா” என்றார் அக்கா. பிறகு மாமியைப் பார்த்தார். “நீங்கள் வேண்டாமெண்டால் கழட்டேல்லை. கொடியோடையே செய்யிறன்.”

கொடியைச் சட்டைக்குள் விட்டு, ஊசியால் குத்தி, பிளக்கைப் போடச் சொன்னார். நான் போடவில்லை. அவரே போட்டார். மாமி கதிரைக்குப் போகாமல் பின்பக்கமே வந்து நின்றார். அக்கா குனிந்தார். ஊசி கொடியின் பாரத்தைத் தாங்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அக்காவின் வலது கை உள்ளே போகப் போக, கழுத்தடியில் சேலை சரிந்தது. பொன் வெளியே எட்டிப் பார்த்தது.

“நில்லடி!” என்று மாமி கத்தினார். “நிப்பாட்டு! கழட்டு அதை!”

மெசினை நிறுத்தினோம். அக்கா தலையைச் சாய்த்துக் கொடியைக் கழற்றி மாமியிடம் நீட்டினார். மாமி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“என்னட்டைத் தராதை. நான் தாலி அறுத்தவள். சாமியறையிலை வை.”

“உங்கடை மகன் கட்டினது. உங்கடை கையிலைதான் கிடக்க வேணும்.”

மாமியின் கை முன்னால் வர நெடுநேரம் எடுத்தது. வாங்கியதும் கொடியைப் பொத்திப் பிடித்தார். போய்க் கதிரையில் இருந்தார். பிளக்கைப் போட்டேன்.

“என்ன தெரியுது மாமி?”

“பூச்சியள். கலங்கலாக் கிடக்கு.”

“இப்ப?”

“கொஞ்சம் வெளிக்குது... ஓம், இப்ப கால் எல்லாம் தெரியுது. விடு பிள்ளை, காணும். கையை எடு.”

அக்கா கையை வெளியே எடுத்து, மெசினை நிறுத்திவிட்டு, மாமியின் முன்னால் குந்தியிருந்து கழுத்தைக் கொடுத்தார். மாமியே கொடியைப் போட்டுவிட்டார். நானா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்.

அத்தான் கொழும்பில் விசாரணைக்கெனக் கொண்டுசெல்லப்பட்டிருந்ததைப் பின்னர்தான் அறிந்தோம். மார்கழியில் மெலிந்து வந்து சேர்ந்தார். இடைப்பட்ட மாதங்களில் ஊரில் சிலர் தாலி கழட்டின கதையைக் கதைத்தார்கள். ஒருத்தி வீட்டுக்கே வந்து கேட்டாள். “கழட்டினது அவள். வாங்கி வைச்சிருந்தது நான். என்னட்டைக் கேள்” என்றார் மாமி. அதன்பின் ஒருவரும் கேட்கவில்லை.

மாமியின் கடைசிக் காலத்தில் அவரைக் குழந்தைபோலப் பார்த்தவர் அக்கா. போரால் மின்சாரம் இல்லாமற் போனபின் சைக்கிள் டைனமோவில் வானொலி பாட வைத்து, அயலுக்கெல்லாம் செய்தி கேட்கச் செய்தார். சென்ற ஆண்டு மாசியில், மருந்துக்குத் தட்டுப்பாடான நாட்களில், நெஞ்சுவலியால் அக்கா எங்களைப் பிரிந்தார். அத்தான் பக்கத்தில் இருந்தார்.

அக்காவைச் சைக்கிளில் இருத்தி ஆசுப்பத்திரிக்கு உருட்டிச் சென்ற அயலவர்களுக்கும், இல்லாத மருந்தைத் தேடித் தந்த வைத்தியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினருக்கும், இந்த நினைவு மலருக்குக் கடதாசி தேடிப் பிடித்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. 1990 இல் தம் முஸ்லிம் சனத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு இன்று புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருக்கும் நானா, “தங்கச்சிக்காக நானும் அழுதன் எண்டு சொல்லுங்கோ” என்று ஆள்மூலம் அனுப்பிய சொல்லை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சொல்லி முடிக்கிறேன். அத்தானைப் பற்றி அப்போதும் ஒரு தகவலும் இல்லை. மெசினை ஏற்றுவதற்கு முன்னர் பின்கதவைத் திறந்து மறுபடியும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அக்கா கடைப்பலகையில் கை வைக்குமுன்னரே மாமி வந்து நின்றார். தேநீர்கூடக் குடிக்கவில்லை. கையை நீட்டினார்.

“கொண்டா பிள்ளை.”

அக்கா கொடியைக் கழற்றிக் கொடுத்தார். மாமி அதை வாங்கிக்கொண்டு, மெசினுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார்.