ஏலத்துக்கு வந்த மார்க்கெட் மணி

1. விற்கிற மாதிரி என்ன இருக்கு?

மூன்றாவது மாதமும் சம்பளம் வராது என்று தெரிந்த அன்று கமிஷனர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"ஏம்மா, உங்க ஸ்டோர்ல விக்கிற மாதிரி என்னா இருக்கு?"

நான் அப்போது நகராட்சியில் ஸ்டோர் கீப்பர். துடைப்பம், பினாயில், லாரி டயர், டியூப்லைட் எல்லாம் என் சாவிக்குக் கீழேதான்.

"துடைப்பம் இருக்கு சார். தேஞ்சது" என்றேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே பிரமோஷன் தள்ளித் தள்ளிப் போனது. அதற்காக வாயை வெட்டியா போட முடியும்?

கமிஷனர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை. இரண்டாயிரங்களின் நடுவில் புதுச்சேரியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், தெருமுனையில் எல்லாம் குப்பை மலையாக நின்றது. டீசல் பங்க்கில் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்டு, மாட்டைத் தூக்கி ஆட்டில் போட்டு இத்தனை நாள் ஓட்டியாயிற்று. இனிமேல் ஆடும் இல்லை, மாடும் இல்லை.

"பிரெஞ்சுக்காரன் காலத்து சாமான் ஏதாவது கெடக்குமே. இரும்பு, வெண்கலம். நம்ம மேட்டுப்பாளையத்துலேருந்து ஒரு காயலான் கடைக்காரர் வர்றேன்னு சொல்லியிருக்காரு. லிஸ்ட் போடுங்க."

அரசுப் பொருளை நினைத்தபடி விற்க முடியாது. முதலில் அதை 'கண்டெம்' செய்ய வேண்டும். கமிஷனர், இன்ஜினியர், அக்கவுண்ட்ஸ் அதிகாரி மூவரும் நேரில் வந்து பார்த்து, 'இது உபயோகத்தில் இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏலம்.

முதலில் போனது விளக்குக் கம்பங்கள். கடற்கரைப் பக்கத் தெருக்களில் நின்ற வார்ப்பிரும்புக் கம்பங்கள் அவை. உச்சியில் கொடி சுற்றியது மாதிரி வேலைப்பாடு இருக்கும். புதுக் கம்பம் நட்டபோது எலக்ட்ரிகல் ஆட்கள் அவற்றைப் பிடுங்கி, உப்பளம் ஏரியாவில் இருந்த நகராட்சி யார்டில் பத்திரமாகப் படுக்கவைத்திருந்தார்கள். அந்தப் பத்திரம்தான் வினையாயிற்று. படுத்துக்கிடக்கிற கம்பத்தை உபயோகத்தில் இருப்பதாக யார் சொல்வது? மூன்று பேரும் வந்தார்கள், பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. வந்த காசு டீசலுக்கே சரியாக இருந்தது. சம்பளம் அப்போதும் வரவில்லை.

அடுத்து கமிஷனரே சொன்னார், "மார்க்கெட் மணி."

2. பசிக்கு மணி

பெரிய மார்க்கெட்டின் நடுவில், ஓட்டுக் கொட்டகைக்குக் கீழே தொங்குகிற வெண்கல மணி அது. அண்டா அளவு இருக்கும். அதை வார்த்த பிரான்ஸ் ஊரின் பெயர் விளிம்பைச் சுற்றிப் புடைப்பாக இருக்கும். அந்தக் காலத்தில் மார்க்கெட் திறக்கவும் மூடவும் அடிப்பார்களாம். கயிறு எப்போதோ இற்றுப்போய், புறா உட்காரும் இடமாகிவிட்டது. மீன்காரிகள் அதன் கீழேதான் வியாபாரம் செய்வார்கள், ஆனால் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள்.

மணி ஏலத்துக்கு வருகிறது என்று தெரிந்ததும் முசே லூர்து வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா, அதாவது சிப்பாய்; அதனால்தான் இந்த முசே மரியாதை. மடிப்புக் கலையாத சட்டை, கையில் மனு.

"இது விக்கிற சாமான் இல்ல மதாம். ஊரோட சொத்து. நாளைக்கு நம்ம பேரப்புள்ளைங்க கேட்டா என்னா சொல்றது?" என்றார்.

அன்று அஞ்சலை ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்தாள். துப்புரவுப் பணியாளர்களுக்கெல்லாம் தலைவி. அவள் புருஷன் வேலை பார்த்த மில் மூடியபிறகு அவள் சம்பளம் ஒன்றில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. மனுவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"உங்களுக்கு மாசம் பொறந்தா பிரான்ஸ்லேருந்து பென்ஷன் வந்துடுது முசே. எங்க வூட்ல மளிகைக்காரன் வாசல்ல நிக்கிறான். உங்க மணி சோறு போடுமா?"

முசே மனுவை என் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அவள் கேட்டது நியாயம்தான். எனக்கும்தான் சம்பளம் வரவில்லை. தாலிக்கொடி அடகில் இருந்தது, கழுத்தில் மஞ்சள் கயிறோடு ஆபீஸ் வந்துகொண்டிருந்தேன். ஆனாலும் அந்த மணியை லாரியில் ஏற்ற மனசு ஒப்பவில்லை. விற்றால் எங்கள் எல்லோருக்கும் ஒரு நாள் சம்பளம்கூடத் தேறாது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. பொரியும் தீர்ந்துவிடும், மணியும் போய்விடும், பசி மட்டும் அப்படியே இருக்கும்.

முசே போனபிறகு அஞ்சலையிடம் கேட்டேன், "ஸ்டிரைக் பண்ணப் போறீங்களாமே?"

"பண்ணணும். ஆளு சேர மாட்டேங்குது. ஒருத்தி உப்பளத்துல கெடக்குறா, ஒருத்தி முத்தியால்பேட்டையில கெடக்குறா. தெருத்தெருவா போய் கூப்புடுறதுக்குள்ள பொழுது போயிடுது."

"மார்க்கெட் மணிய அடி. எல்லாத் தெருவுக்கும் கேக்கும். கயிறு ஸ்டோர்ல இருக்கு, நான் தர்றேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அஞ்சலையை ஏமாற்ற இன்னொருத்தி பிறந்துதான் வரவேண்டும்.

"கையெழுத்துப் போட வர்ற அன்னிக்கு மணி அடிச்சுதுன்னா, உபயோகத்துல இல்லன்னு எழுத முடியாது. அதானே? எங்கள வெச்சு நீ மணியக் காப்பாத்திக்கப் பாக்குற, ஸ்டோரம்மா."

"ஆமா. உனக்கு ஆளு சேரணும், எனக்கு மணி நிக்கணும். இதுல என்னா தப்பு?"

"தப்பு இல்ல. ஆனா நீயும் எங்களோட வந்து ஒக்காரணும். ஆபீஸ்காரங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் எங்க பக்கத்துல ஒக்காந்ததில்ல. கயிற நீட்டிட்டு நீ ஃபேன் காத்துல ஒக்காந்துக்குவ, நாங்க வெயில்ல கத்தணுமா?"

சுருக்கென்றது. சொன்னது உண்மை. எங்களுக்கும் அவர்களுக்கும் டீ டம்ளர்கூட வேறாக இருந்த ஆபீஸ் அது. வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. மேசைமேல் கிடந்த சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகினேன்.

"வர்றேன்" என்றேன்.

3. கையெழுத்து நாள்

காலை வியாபாரம் சூடாக இருந்தபோது மூன்று அதிகாரிகளும் மார்க்கெட்டுக்கு வந்தார்கள். வெளியே காயலான் கடைக்காரரின் லாரி தயாராக நின்றது. ஸ்டோர் கீப்பர் என்பதால் நானும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். "கயிறு புதுசா இருக்கே?"

நான் பதில் சொல்வதற்குள் அஞ்சலை இழுத்தாள்.

அம்மாடி! அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. வீராம்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஒரு மீன்காரி கூடையைக் கீழே போட்டுவிட்டு, "என் தாயே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அஞ்சலை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு சந்திலிருந்தும் துப்புரவுப் பெண்களின் நீலச் சேலைகள் வர ஆரம்பித்தன. கையில் துடைப்பத்தோடு, வண்டியோடு, சிலர் இடுப்பில் பிள்ளையோடு. எல்லோரும் மணிக்குக் கீழே உட்கார்ந்தார்கள்.

கமிஷனர் காதிலிருந்து கையை எடுத்தார். "இதையா உபயோகத்துல இல்லன்னு எழுதச் சொல்றீங்க?" என்று இன்ஜினியரைப் பார்த்துக் கேட்டார். மணியைச் சொன்னதே அவர்தான் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

"எழுதுனா எழுதுங்க சார். ஊரே கேட்டுடுச்சு" என்றேன்.

கமிஷனர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். நான் சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, அஞ்சலை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தரை மீன் தண்ணியில் ஈரமாக இருந்தது. அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். யாரோ தூக்குவாளியில் டீ கொண்டுவந்தார்கள். அவள் குடித்த டம்ளரிலேயே எனக்கும் ஊற்றினாள். குடித்தேன்.

அதன்பிறகு தினமும் காலையில் மணி அடித்தது, தினமும் ஆள் கூடியது. ஊர் நாறியது. கடைசியில் அரசாங்கம் இறங்கிவந்து பணம் ஒதுக்கியது. பாக்கிச் சம்பளம் முழுசாக வந்தது. எனக்கு மெமோவும் சேர்ந்து வந்தது, கயிறு எதற்குக் கொடுத்தாய் என்று. 'மார்க்கெட் உபயோகத்துக்கு' என்று பதில் எழுதினேன். பொய் இல்லையே!

சம்பளம் வாங்கிய அன்று அஞ்சலை ஸ்டோருக்கு வந்து சொன்னாள், "மணிய வித்திருந்தா ஒரு நாள் கூலி ஸ்டோரம்மா. அடிச்சதுல மூணு மாசம் வந்துச்சு."

இப்போது நகராட்சி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பழைய பொருளைக் காப்பாற்ற நினைத்தால் குடோனில் வைத்துப் பூட்டாதீர்கள். யாருக்காவது அதைத் தேவைப்பட வையுங்கள். தேவைப்படுகிறவர்கள் விடமாட்டார்கள். அந்த விளக்குக் கம்பங்கள் காயலான் கடையிலிருந்து கைமாறி இன்று ஒரு ஹோட்டல் தோட்டத்தில் நிற்கின்றன. ரூம் எடுத்தவர்கள்தான் பக்கத்தில் போக முடியும். ஒருநாள் எட்டிப் பார்த்தேன், வாட்ச்மேன் என்ன வேண்டும் என்று கேட்டார். என்ன சொல்வது? ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

என் வீடு மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. இப்போதும் சில மாதம் காலையில் மணிச் சத்தம் கேட்கும். இந்த மாதமும் சம்பளம் போடவில்லை போலிருக்கிறது, பாவிகள் என்று திட்டிக்கொண்டே செருப்பை மாட்டுவேன். நான் போய்ச் சேரும்போது அஞ்சலை நகர்ந்து இடம் விட்டிருப்பாள்.