கடைசிக் கூறு

மீன் பலகையின் மேல் மாத்திரைகள் கூறு கூறாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். காசிமேட்டில் என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, சங்கராவும் கானாங்கெளுத்தியும் வைத்து விற்கிற அதே பலகைதான். வியாபாரம் முடிந்ததும் அதை நன்றாகக் கழுவி, முந்தானையால் துடைத்து, மாத்திரைகளைக் கொட்டினாள். ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு செதில் வெயிலில் மாத்திரை மாதிரியே மின்னியது. அதையும் எண்ணிவிடப் போகிறாள் என்று நான் கிண்டல் செய்ததும், செதிலைச் சுரண்டி என் மேலேயே எறிந்ததும் நேற்று நடந்தது போல இருக்கிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நான் 'இன்னா' என்றால் அவள் கை 'என்ன' என்று எழுதிவிடுகிறது. பேசியவர்களின் பேச்சை மட்டுமாவது மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

எங்களுடையது கடலுக்குப் போகிற குடும்பம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தபோது மாமனார் அவர்களோடு பேச்சையே நிறுத்திவிட்டார். ஆனால் வயசான காலத்தில் அந்தக் கம்பெனிதான் எங்களுக்குக் கை கொடுத்தது. ரிட்டையரானவர்களுக்கு ஒரு வைத்தியக் கார்டு கொடுத்தார்கள். புருஷனுக்குப் பிறகு பெண்டாட்டிக்கும் அது செல்லும். திருவொற்றியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அதைக் காட்டினால் மாதாமாதம் மாத்திரை வரும், நோவில் படுத்துவிட்டால் கட்டில் கிடைக்கும். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு ஓரகத்தி அந்தக் கார்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். யாராவது கேட்டால், "அவுரு கட்னது போயிடிச்சி, கம்பெனி கட்னது கீதுடி" என்பாள். சந்தையே சிரிக்கும்.

ஒரு நாள் அந்தக் கார்டு நின்றுபோனது. கவுண்டரில் இருந்த பெண் அதை மெஷினில் தேய்த்துப் பார்த்தாள், திருப்பித் தேய்த்தாள், பிறகு எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் கொடுக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. கம்பெனி கைமாறிவிட்டதாம். வாங்கியவர்கள் ரிட்டையரானவர்களின் இன்சூரன்சைத் தொடரவில்லையாம். ஓரகத்தி சத்தம் போடவில்லை. "ஆளு மாறினா நோவு மாறிடுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் என்ன செய்வாள், பாவம்.

கம்பெனி கேட்டுக்கே போய் உட்கார்ந்தோம். லாரிகள் எங்கள் மேல் கரித்தூளைத் தூவிக்கொண்டு உள்ளே போயின. பழைய வாட்ச்மேன் டீ வாங்கித் தந்து, உள்ளே இருப்பவர்களில் தனக்கே யாரையும் தெரியவில்லை என்றார். பிறகு ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டைப் பிடித்தோம். அவர் வயசைக் கேட்டார், நோயைக் கேட்டார், பையை மூடினார். மெடிக்கல் கடையில் வாங்கிச் சாப்பிட்டால் மீன் விற்ற காசு மாத்திரைக்கே சரியாகப் போகும். ராயபுரம் பக்கத்துப் பெரிய கவர்மெண்ட் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் போட் வருகிற நேரமும் அங்கே வரிசை நிற்கிற நேரமும் ஒன்று. அதோடு, மறைப்பானேன், எங்களுக்குக் கம்பெனிக்காரன் பெண்டாட்டி என்ற மிதப்பும் இருந்தது. தர்ம வரிசையில் நிற்பதா என்று ஓரகத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. சந்தையில் கம்பெனி விதவைகள் நாங்கள் ஐந்து பேர். சிலருக்குப் பிரஷர், சிலருக்குச் சுகர், எனக்கு இரண்டும். ஒருத்தியிடம் மாத்திரை மிச்சம் இருக்கும், இன்னொருத்தியிடம் தீர்ந்திருக்கும். எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள், கூறு போட்டுவிடலாம் என்றாள். கூறு போடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தராசு வேண்டாம், கண்ணே போதும். ஐந்து பேர் சேர்ந்து ஏலம் எடுத்த மீனை அவள் ஐந்து குவியலாக்கினால் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். அதற்கு ஒரு முறை உண்டு. ஒருத்தி முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். இன்னொருத்தி ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்பாள். திரும்பி நிற்பவள் வாய்க்கு வந்த ஆளைச் சொல்வாள். கூறு போட்டவளுக்குக் கடைசிக் கூறு. அதனால் அதில் ஏமாற்றே நடக்காது.

மாத்திரைக்கும் அதே முறைதான். பிரஷருக்குத் தனி, சுகருக்குத் தனி என்று பிரித்துவிட்டுத்தான் கூறு போட்டாள். அவ்வளவு விவரம் எங்களுக்கும் உண்டு. பிரஷர் மாத்திரை சின்னது, வெள்ளை. சுகர் மாத்திரை பெரியது, நீளம். அட்டையை ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்தோம். எழுத்து துண்டு துண்டானது. ஆனால் எங்களில் யார் அந்த எழுத்தைப் படித்தோம்? கார்டு செல்லுபடியான கடைசி மாதம் ஆஸ்பத்திரியில், எங்கள் ஐந்து பேரில் ஒருத்தியான கருவாட்டுக்காரம்மாவுக்குப் புதிதாக ஒரு சுகர் மாத்திரை சேர்த்திருந்தார்கள். அதுவும் சின்னது, வெள்ளை. அது பிரஷர் குவியலில் விழுந்தது. முதலில் கூறு வாங்கிய எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புது மாத்திரையில் முக்கால்வாசி கடைசிக் கூறுக்குப் போய்விட்டது. ஓரகத்திக்குச் சுகரே கிடையாது.

அது ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஓரகத்தி வருஷாவருஷம் விரதம் இருப்பாள். சாமிக்குப் படைக்கிறவரை பச்சைத் தண்ணீர்தான். அன்றைக்கும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்டாள். பம்பைச் சத்தம் ஏற ஏற அவள் உடம்பு ஆட ஆரம்பித்தது. வேர்த்துக் கொட்டியது. ஏதோ குளறினாள். அவளுக்கு அம்மன் வருவது எல்லோரும் அறிந்ததுதான். வேப்பிலையைக் கையில் கொடுத்தார்கள். ஒருவர் புது போட்டைத் தண்ணீரில் இறக்கலாமா என்று அவளிடம் குறி கேட்கத் தொடங்கினார்.

எனக்கு மட்டும் என்னவோ சரியாகப் படவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். அம்மன் வந்தால் அவள் முதலில் என்னைத்தான் திட்டுவாள். கல்யாணமாகி வந்த நாளில் நான் குழம்பில் புளி அதிகம் விட்டதிலிருந்து தொடங்குவாள். வருஷா வருஷம் அதற்காகவே நான் எதிரே போய்க் கைகட்டி நிற்பேன். அன்றைக்கும் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். ஆனால் அந்தப் பார்வையில் நான் இல்லை. திட்டவும் இல்லை. கையைத் தொட்டேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் போலச் சில்லென்றிருந்தது.

"எக்கா, என்னத் தெரிதா?" என்றேன். கால் மடங்கி என் மேல் சாய்ந்தாள். அப்படியே மடியில் தாங்கி உட்கார்ந்தேன்.

பூசாரி உடுக்கையை உயர்த்திக்கொண்டு வந்தார். "அம்மா எறங்கிகினு கீறா, கைய எடு" என்றார்.

கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு வந்தது கருவாட்டுக்காரம்மாதான். ஓரகத்தியின் நெற்றியைத் தொட்டாள், இமையை விரித்துப் பார்த்தாள். "இது சாமி இல்லடி. சக்கர எறங்கிடிச்சி. எனுக்கு இப்டித்தான் ஆச்சி. இனிப்பு இன்னா கீதோ எடு, சீக்கிரம்."

இனிப்பு என்று அங்கே இருந்தது ஒன்றுதான். அம்மன் முன்னால் குடத்தில் பானகம், இன்னும் படைக்காதது. படைக்காததை மனுஷி வாயில் ஊற்றினால் ஊருக்கே ஆகாது என்று பூசாரி குறுக்கே நின்றார். சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்கள் தெருவில்தான் நான் வாழ வேண்டும், அவர்களிடம்தான் மீன் விற்க வேண்டும். மடியில் இருந்தவளின் பல் கிட்டிக்கொண்டே வந்தது. அம்மனைப் பார்த்தேன். "ஒனுக்கு வெச்சத ஒன் புள்ளைக்கிதான் தர்றேன், தப்புன்னா என்னக் கேளு" என்று சொல்லிவிட்டுச் சொம்பைக் குடத்துக்குள் விட்டேன்.

ஊற்றியதில் பாதி கழுத்தில் வழிந்து அந்தக் கார்டை நனைத்தது. கருவாட்டுக்காரம்மா குடத்தடியில் கரையாமல் கிடந்த வெல்லத்தை வழித்து அவள் உதட்டுக்கு உள்ளே தடவினாள். பிறகு துளித் துளியாக விட்டோம். பம்பை நின்றுவிட்டது. என் மடியில் அவள் தலை கல்லாகக் கனத்தது. அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம் அது ஏறி இறங்கியது. கொஞ்சம் கழித்து இன்னொரு தரம். நெடுநேரம் போனது போல இருந்தது. கண் திறந்தாள், சுற்றிலும் பார்த்தாள், என் கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, படைக்காத பானகத்த வாயில ஊத்திகினு கீற? அறிவு கீதா ஒனுக்கு?"

அந்தத் திட்டைப் போல இனிப்பான ஒன்றை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. அழுதுகொண்டே சிரித்தேன். பூசாரிகூடச் சிரித்துவிட்டார். அம்மனுக்கு வேறு பானகம் கரைத்தார்கள், ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். தர்ம வரிசை என்று முகத்தைத் திருப்பியவளை உடனே கட்டிலில் போட்டு குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவள் சுருக்குப் பையிலிருந்து டாக்டரம்மா மாத்திரைத் துண்டுகளை எடுத்துப் பார்த்து, சுகர் இல்லாத உங்களுக்கு இது எப்படி வந்தது என்று கேட்டாள். கூறில் வந்தது என்றாள் ஓரகத்தி. டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. நான் முதுகைக் காட்டித் திரும்பி நின்று செய்து காட்டினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நியாயமாத்தாம்மா பிரிச்சேன்" என்று ஓரகத்தி முனகினாள். அவளுக்கு மயக்கம் வந்ததைவிட, தன் கூறு தப்பிப்போனதுதான் வலித்தது.

கார்டு திரும்ப வரவே இல்லை. அதன் பிறகு மாத்திரையைக் கூறு போடவில்லை, ஆளைக் கூறு போட்டோம். ஆஸ்பத்திரி நாளில் யார் சந்தையில் இருந்து எல்லோர் பலகையையும் பார்த்துக்கொள்வது என்பதைத் திரும்பி நின்று சொன்னோம். மற்றவர்கள் வரிசைக்குப் போனோம்.

இப்போது ஓரகத்தி வள்ளூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். அந்தப் பலகை என்னிடம் இருக்கிறது. போன வாரம் இறால் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். கழுத்தில் இன்னும் அந்தக் கார்டு, பானகக் கறையோடு. மாத்திரையை உள்ளங்கையில் வைத்து மகளிடம் காட்டினாள். மகள் தலையாட்டிய பிறகுதான் விழுங்கினாள். "சாமியா சக்கரையான்னு கேட்டுக்கறேன்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். பிறகு நான் தரையில் இறாலைக் கூறு போட்டேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். இது யாருக்கு? மகளுக்கு. இது யாருக்கு? பக்கத்து வீட்டுக்கு. இது? எனக்கு.

கடைசி ஒன்று இருந்தது. அது யாருக்கு என்று சும்மாதான் கேட்டேன்.

"போட்டவளுக்குத்தான்டி கடசி. அதுகூட மறந்துட்டியா?"

அந்தக் கூறை நான்தான் எடுத்துக்கொண்டேன். அதில் வெறும் இறால்தான். ஆனாலும் ஒரு தரம் விரலால் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டேன்.